ராத்திரிக்குப் பெரிய ரேடியோ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. கஜா புயலுக்குப் பிறகு கொல்லையில் வைத்த தென்னை நன்றாகக் காய்க்கிறது. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ரேடியோ விஷயம்.

நீ அனுப்பிய படத்தைத் தம்பி காட்டினான். குவார்ட்டர்ஸைக் காட்டத்தான் எடுத்திருக்கிறாய், என் கண் கட்டிலில்தான் நின்றது. நான் கொடுத்த சின்ன ரேடியோ மெத்தை மேல் கிடக்கிறது. சார்ஜர் ஒயர் தலையணைக்கு அடியில் போகிறது. இன்னொரு தலையணையைக் காணோம். சரி, அது கிடக்கட்டும். மெத்தை மேல் வைத்து சார்ஜ் போடாதே. தலையணைக்கு அடியில் வைத்து ஒருபோதும் போடாதே.

ஏன் என்றால், அதில் இருப்பது லித்தியம் பேட்டரி. பழைய நோக்கியா ஃபோனில் வந்ததே, அதே பி.எல்-5சி அளவு. உள்ளே இரண்டு தகட்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் தீப்பிடிக்கிற திரவம். சூடு வெளியே போக வழியில்லாமல் அந்தத் தாள் கெட்டுப்போனால் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும், பிறகு சூடு தானாகவே ஏறிக்கொண்டே போகும். 2007 ஆகஸ்டில் அந்த பி.எல்-5சி பேட்டரியில் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் ஏறும்போது சூடேறலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. நம் கடைக்குக்கூட ஆட்கள் ஃபோனைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொன்னாய். உனக்கு நினைவிருக்கும். அவ்வளவு தெரிந்த பிள்ளை இப்படி வைத்திருக்கிறாயே என்றுதான் கோபம் வந்தது.

மர மேஜை வேண்டாம். சிமெண்டுத் தரையிலோ ஜன்னல் திண்டிலோ ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வை. திரைச்சீலை பக்கத்தில் இருக்கக் கூடாது. நீ விழித்திருக்கும்போது போடு, ஏறியதும் எடுத்துவிடு. ஊட்டியில் பனி விழும் மாதங்களில் ஜன்னலோரம் ராத்திரி முழுக்க விறைத்துக் கிடந்த ரேடியோவை விடிந்ததும் சார்ஜில் சொருகாதே. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது, உள்ளே லித்தியம் படிந்து பேட்டரி கெடும். கொஞ்ச நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும். பின்மூடி சரியாக மூடவில்லை, பேட்டரி உப்பியிருக்கிறது என்று தெரிந்தால் அதோடு அதை விட்டுவிடு. குத்தவோ அமுக்கவோ செய்யாதே, குப்பையிலும் போடாதே. முனையில் டேப் ஒட்டி, மணல் போட்ட டப்பாவில் வீட்டுக்கு வெளியே வை. கடையில் 9800 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் என்று அச்சடித்த உருளை லித்தியம் பேட்டரியைக் காட்டினால் வாங்காதே. அந்த அளவில் நல்ல கம்பெனி பேட்டரியே 3500 பக்கம்தான் வரும்.

தினமும் சார்ஜ் போட வேண்டியிருக்கிறது, பேட்டரி போய்விட்டதா என்று தம்பியிடம் கேட்டாயாம். என்னிடமே கேட்டிருக்கலாம். நாற்பது வருஷமாக இதே வேலைதான் செய்கிறேன். அந்த பேட்டரி 1000 மில்லி ஆம்பியர் மணி. அந்த ரேடியோ நடுத்தரச் சத்தத்தில் சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும். அப்படியென்றால் 10 மணி நேரம் ஓட வேண்டும். நீ பள்ளிக்கூடம் போய்விடுகிறாய். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் கேட்டாலும் மூன்று நாள் வரும். பேட்டரி நான் புதிதாகப் போட்டுக் கொடுத்தது. கணக்கு ஒத்துவரவில்லை, பாப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக சார்ஜ் ஏற்றி, நிறுத்தாமல் ஓடவிட்டு எத்தனை மணி நேரம் வருகிறது என்று பார். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அணைந்தால் பேட்டரிதான் காரணம், வேறு அனுப்புகிறேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் வந்தால் பேட்டரியில் ஒன்றும் இல்லை. அப்படியானால் அது ராத்திரி முழுக்க ஓடுகிறது. திருச்சி வானொலி, 936, அங்கே எடுக்கிறதா? பதினொரு மணிக்கு மேல் பெரும்பாலான நிலையங்களில் ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு என்ன கேட்கிறாய்?

தூக்கம் வரவில்லை என்றால் ரேடியோ ஓடட்டும், அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரிக்குப் பெரிய ரேடியோவை வைத்துக்கொள். நாலு பென்சில் பேட்டரிக் கட்டை போடுவது. அதற்குத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டை நாலும் சார்ஜரும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், சேர்த்து 4.8 தான் வரும், சாதாரணக் கட்டை போல 6 வராது. பயப்படாதே, நன்றாகவே பாடும். நான் அனுப்பியது மெதுவாக ஏற்றுகிற சார்ஜர். காலை ஆறு மணிக்குப் போட்டால் ராத்திரி எட்டு மணிக்கு எடு. அது பகலில்தான். ராத்திரி அறையில் எந்த ஒயரும் சொருகியிருக்கக் கூடாது. சார்ஜில் இருக்கும்போது கேட்டால் மீடியம் வேவில் இரைச்சல்தான் வரும், உனக்கே தெரியும்.

அந்த சார்ஜரில் கடையில் வாங்கும் சாதாரணக் கட்டையைப் போடாதே. உள்ளே வாயு சேர்ந்து ஒழுகும், வெடிக்கவும் செய்யும். நாலையும் ஒன்றாகவே மாற்று. மூன்று புதுசு ஒன்று பழசு என்று கலந்தால் பழசு முதலில் தீர்ந்துவிடும், மற்ற மூன்றும் அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளி அதை ஒழுக வைக்கும். அப்பாயி தீர்ந்த கட்டையை ஓட்டு மேல் வெயிலில் காய வைப்பாளே, அதெல்லாம் செய்யாதே. ஊருக்கு வரும்போது ரேடியோவிலிருந்து கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வா. வருவாய் என்றால்.

கஜா அடித்த அந்த நவம்பரில் கரண்டே இல்லாமல் கிடந்தோமே, தெருவுக்கே நீதான் ரேடியோ கேட்டுச் செய்தி சொன்னாய். கட்டையைக் கழற்றிக் கழற்றி வைத்து எவ்வளவு நாள் இழுத்தாய். இவள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். அத்தை பேசியதை மனசில் வைக்காதே. அந்தக் கடன் விஷயத்தை நானும் சித்தப்பாவும் பார்த்துக்கொள்கிறோம், அதற்காக நீ யாரிடமும் அடங்கிப்போக வேண்டாம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அங்கே இருந்தால் சொல்.

மறக்காமல் மெத்தையை விட்டு எடுத்துவிடு. பார்சல் வந்ததும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று என் ஃபோனுக்கு அனுப்பு, தம்பிக்கு வேண்டாம். தஞ்சாவூரில் ஏறினால் ஜனசதாப்தியில் கோயம்புத்தூர் வந்துவிடுவேன், அங்கிருந்து பஸ். அம்மா உன்னைக் கேட்காமலேயே பையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். வரட்டுமா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா
பட்டுக்கோட்டை