அரசு மேல்நிலைப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து வந்திருக்கும் பெற்றோரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கூடியது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மாலை வகுப்புகளுக்குச் சுண்டல் செலவை வழக்கம்போல் சங்கமே ஏற்றது. மாணவியர் கழிப்பறைக் கதவுகள் மாற்றப்பட்டன. விளையாட்டு விழாவுக்குப் பரிசுகள் வாங்கிக் கொடுத்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதி வி.ஆர். (மெய்நிகர் காட்சி) வகுப்பைப் பற்றியது. கண்ணை மூடி மாட்டும் கருவிக்குள், நாமே அந்த இடத்தில் இருப்பதுபோல் சுற்றிலும் காட்சி தெரியும் முறை அது. சென்ற பொதுக்குழுவில் அதிக நேரம் விவாதிக்கப்பட்டது அதுதான். "ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள், அப்புறம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லுங்கள்" என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதன்படி சொல்கிறேன்.

தொடக்கம் அட்டைக் கண்ணாடியில்தான். கூகுள் 2014இல் வெளியிட்ட கார்ட்போர்டு என்ற வடிவம்: மடித்த அட்டை, இரண்டு குவிலென்ஸ், உள்ளே செருக ஒரு ஸ்மார்ட்போன். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று செய்முறையையும் கொடுத்திருந்தார்கள். நம் பிளஸ் ஒன் மாணவர்கள் பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி அழகாகவே செய்தார்கள். லென்ஸை மட்டும் வாங்கிக் கொடுத்தோம். சிக்கல் போனில் வந்தது. தலையைத் திருப்பும்போது காட்சியும் கூடவே திரும்ப வேண்டுமென்றால் போனுக்குள் கைரோஸ்கோப் என்ற உணரி இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. உறுப்பினர்கள் கொடுத்த பழைய போன்கள் பலவற்றிலும் இல்லை. மாணவர்களையே வீட்டிலிருந்து போன் கொண்டுவரச் சொல்வது பள்ளி ஒழுங்குக்கு ஒத்துவராது. இந்த நிலையில் 1994 பேட்ச் நண்பர்கள் கூடிப் பேசி, போன் தேவைப்படாத, தனியாக இயங்கும் நான்கு ஹெட்செட்டுகளை (தலையில் மாட்டும் வி.ஆர். கருவிகளை) வாங்கித் தந்தார்கள். மேலாண்மைக் குழுவின் தீர்மானம் பெற்று அவை பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளன. அவர்களுக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி.

இனி வகுப்பு எப்படி நடந்தது என்று பார்ப்போம். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் விலங்குகளின் சுற்றோட்டம் பற்றிய பாடம் இருக்கிறது. புத்தகத்தில் இதயம் தட்டையான வெட்டுமுகப் படமாக இருக்கும். இதயத்தின் வலப்பக்கம் படத்தில் இடப்பக்கமாக வரும். நம்மைப் பார்த்து நிற்பவரின் இதயம் அது என்று ஆசிரியர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் பாகங்களை மாற்றிக் குறிப்பார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் ஆள் உயர இதயம் ஒன்று முன்னால் துடிக்கிறது. அதைச் சுற்றி நடந்து பின்பக்கம் போய் நின்றால் இதயத்தின் வலதும் பார்க்கிறவரின் வலதும் ஒன்றாகிவிடுகின்றன. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் குழுவில் பார்த்த ஒரு மாணவி, "சார், பின்னாடி வந்தா சரியாயிடுச்சு" என்று சத்தமாகச் சொன்னாள். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு வலது இடது குழப்பம் எழவில்லை.

அங்கிருந்து ரத்தம் போகும் வழியிலேயே போகலாம். வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, திரும்பி இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. நம் உயிரியல் ஆசிரியர் ஒவ்வோர் அறையிலும் காட்சியை நிறுத்தினார். ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லி, இப்போது எங்கே நிற்கிறாய், இங்குள்ள ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகமா குறைவா என்று இரண்டு வரி எழுதச் சொன்னார். எழுதிய பிறகுதான் அடுத்த அறை. "தமனி என்றால் நல்ல ரத்தம்" என்று மனப்பாடம் செய்திருந்தவர்கள் நுரையீரல் தமனியில் நின்றபோது தாங்களே அதைத் திருத்திக்கொண்டார்கள்.

மறுநாள் அவர் கறிக்கடையிலிருந்து ஆட்டு இதயம் வாங்கி வந்தார். மேசைமேல் வைத்து நீளவாக்கில் வெட்டிக் காட்டினார். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட எவ்வளவு தடிப்பு என்பதைப் பிள்ளைகள் விரலால் பிடித்துப் பார்த்தார்கள். உடல் முழுக்க ரத்தத்தைத் தள்ள வேண்டிய அறை அது. வால்வின் இதழ்களை இழுத்துப் பிடிக்கும் வெள்ளை நாண்களையும் தொட்டுப் பார்த்தார்கள். இந்தத் தடிப்பும் வழுவழுப்பும் ஹெட்செட்டில் கிடைக்காது. ஆனால் முந்தைய நாள் உள்ளே நடந்து வந்தவர்களுக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஆண்டு முழுக்க நான் பார்த்த வகுப்புகளில் இந்த இரண்டு நாள் வகுப்பைத்தான் மிகச் சிறந்தது என்று சொல்வேன்.

ஆசிரியர் நடுநடுவே நிறுத்தி எழுத வைத்ததற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பரோங், மேயர் என்ற இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உயிரியல் பாடம் ஒன்றைக் கல்லூரி மாணவர்களில் ஒரு சாராருக்கு வி.ஆரிலும் மறுசாராருக்குச் சாதாரண ஸ்லைடுகளிலும் காட்டினார்கள். வி.ஆரில் பார்த்தவர்களுக்கு ஆர்வம் அதிகம். தேர்வில் கூடுதலாக எடுத்தவர்களோ ஸ்லைடு பார்த்தவர்கள். அடுத்த சோதனையில், வி.ஆர். பாடத்தைப் பகுதி பகுதியாக நிறுத்திச் சுருக்கம் எழுதவைத்தபோது கற்றல் மேம்பட்டது. 2019இல் மக்ரான்ஸ்கியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வும், ஆய்வகப் பாடத்தை ஹெட்செட்டில் செய்தவர்கள் அங்கேயே இருப்பதுபோல் உணர்ந்தாலும் கணினித் திரையில் செய்தவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள் என்று காட்டியது. கண்ணுக்கு விருந்து கூடும்போது மனம் கையாள வேண்டிய சுமையும் கூடிவிடுகிறது.

"இதனால் பொதுத்தேர்வில் மார்க் கூடுமா?" என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டார்கள். கூடும் என்று சங்கம் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. மாட்டிவிட்டுச் சும்மா வேடிக்கை பார்க்கவிட்டால் மதிப்பெண் குறையவும் வாய்ப்பு உண்டு. கருவியோடு ஆசிரியரின் கேள்வியும் பிள்ளையின் நோட்டும் சேர்ந்தால்தான் அது பாடம்.

நேரக் கணக்கையும் நீங்கள் அறிய வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பு, நான்கு ஹெட்செட். ஒருவருக்கு ஏழு நிமிடம் கொடுத்தாலே பத்துச் சுற்றுக்கு எழுபது நிமிடம். ஒரு பீரியடில் முடியாது. ஆகவே இரண்டு பீரியடைச் சேர்த்துத் தர வேண்டியிருந்தது. தலைமை ஆசிரியை கால அட்டவணையை மாற்றிக் கொடுத்தார். காத்திருக்கும் பிள்ளைகள் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் கணினிகளில் ஃபெட் (PhET) என்ற பாவனைச் சோதனைப் பயிற்சிகளைச் செய்தார்கள். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலவசத் திட்டம் அது. மின்சுற்று, அலைகள் போன்ற பாடங்களுக்கு ஹெட்செட்டைவிட அதுவே போதும் என்பது நம் இயற்பியல் ஆசிரியையின் கருத்து. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அதேபோல் மீத்தேன் மூலக்கூறின் நான்முகி வடிவத்தைக் காட்டக் களிமண் உருண்டையும் பல்குத்தும் குச்சியும் போதும். கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்கக்கூடியதற்கு ஹெட்செட் எதற்கு?

உடல்நலம் பற்றிய கவலை நியாயமானது. ஹெட்செட்டுக்குள் பொருள் பக்கத்திலும் தூரத்திலும் இருப்பதுபோல் தெரியும், ஆனால் கண் குவிக்க வேண்டிய தூரம் மாறாது. அதனால் கண் சோர்கிறது. கண் நகர்வதாகச் சொல்ல, காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு நகரவில்லை என்று சொல்வதால் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஆகவே உட்கார்ந்தோ மெதுவாக நடந்தோ பார்க்கும் காட்சிகள் மட்டும் என்று விதி வைத்தோம். ராட்டினக் காட்சி கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு மாட்டவில்லை. எல்லோரிடமும் பெற்றோர் ஒப்புதல் கடிதம் வாங்கினோம். இரட்டைச் சடை போட்ட மாணவியருக்குப் பின்பட்டை நிற்காமல் நழுவியது. பட்டையைத் தளர்த்திச் சடைகளுக்கு மேலே ஏற்றி மாட்ட ஆசிரியைகள் பழக்கினார்கள். முகத்தில் படும் பஞ்சு வியர்வையை உறிஞ்சுவதால் துடைக்கக்கூடிய உறை போட்டோம். மழைக்காலத்தில் ஊரில் மெட்ராஸ் ஐ பரவியபோது ஹெட்செட்டுகளைப் பூட்டி வைத்துவிட்டோம். ஒரு பிள்ளையின் கண்ணிலிருந்து அடுத்த பிள்ளைக்குப் போக அதைவிட நேரான வழி வேறில்லை.

திட்டத்தைத் தொடங்கும் முன்பே ஒரு கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். பார்வைக் குறை இருந்தும் யாருக்கும் தெரியாமல் இருந்த பிள்ளைகள் அதில் கண்டறியப்பட்டார்கள். கரும்பலகை எழுத்தே சரியாகத் தெரியாமல் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்தாயிற்று. ஹெட்செட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த முகாமை ஆண்டுதோறும் ஜூன் மாதமே நடத்த வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புக்குப் பழங்கால நகரம் ஒன்றை வி.ஆரில் காட்டலாம் என்று யோசனை வந்தது. செயற்குழு வேறு விதமாக முடிவெடுத்தது. நம் ஊரிலிருந்து கீழடிக்குப் பேருந்தில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். 2023இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. உறைகிணறையும் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளையும் தமிழி எழுத்துப் பொறித்த ஓட்டையும் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். பேருந்தில் போய்ப் பார்க்க முடிந்ததைப் பேருந்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். ஹெட்செட்டை இதயத்தின் உள்ளே போகவும், பவளப் பாறையருகே மூழ்கவும், பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில் சுற்றும் விண்வெளி நிலையத்துக்குள் மிதக்கவும் வைத்துக்கொண்டோம். அந்த நிலையம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது; வி.ஆர். வகுப்பு முடிவதற்குள் அது முக்கால் சுற்று வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன்.

மொழிதான் பெரிய தடை. கிடைக்கும் காட்சிகள் பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தோடு வருகின்றன. நம் பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கிறவர்கள். புதிய காட்சி, புதிய மொழி, புதிய பாடம் மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளி என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது அநியாயம். எனவே ஒலியை நிறுத்திவிட்டு ஆசிரியரே பக்கத்தில் நின்று தமிழில் விளக்கினார். பிறகு பிளஸ் ஒன் மாணவிகள் சிலர் பாடப்புத்தகச் சொற்களை வைத்தே இதயப் பாடத்துக்கு விளக்கம் எழுதிப் பதிவு செய்தார்கள். எழுதுவதற்காக அவர்கள் அந்தப் பாடத்தை எத்தனை முறை படித்தார்கள் என்று ஆசிரியர் சொன்னபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சென்னை ஐஐடியில் வி.ஆர். போன்ற தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. தமிழ்வழி மாணவர்களுக்கான பாடக் காட்சிகள் கேட்டு அவர்களுக்கு வரும் ஆண்டில் முறைப்படி கடிதம் எழுத அனுமதி கோருகிறேன்.

ஆண்டின் நடுவில் ஒரு நிறுவனம் வந்து முழு வி.ஆர். ஆய்வகம் அமைத்துத் தருவதாகச் சொன்னது. ஆண்டுச் சந்தா கட்டினால்தான் பாடங்கள் திறக்கும். சந்தா நின்றால் பாடமும் நின்றுவிடும். செயற்குழு ஒருமனதாக மறுத்தது. பெரிய நிறுவனங்கள் நடத்துவதற்கே உத்தரவாதம் இல்லை: பள்ளிகளுக்காக 2015இல் வந்த கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021 ஜூனில் மூடப்பட்டது. கருவியிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலும் காட்டக்கூடியவற்றையே நாம் பயன்படுத்துகிறோம்.

நன்கொடை பற்றிச் சிறு விளக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உறுப்பினர்கள் சிலர் ஆர்வத்தோடு பணம் அனுப்ப முன்வந்தார்கள். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறாத நம் சங்கம் அதை ஏற்க முடியாது. இந்தியக் குடிமக்களாகவே வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்குத் தடையில்லை. மறுக்கப்பட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம்.

நமக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவரையும் உறுப்பினர்கள் சிலரையும் இந்த ஆண்டு இழந்தோம். கூட்டத்தின் தொடக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம். குடும்பத்தாருக்கு இரங்கல் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது: மேலும் ஹெட்செட் வாங்க வேண்டாம். நான்கு போதும். அந்தப் பணத்தில் உயிரியல் ஆய்வகத்துக்கு நல்ல நுண்ணோக்கிகள் வாங்கலாம். பாடத்தைத் தயாரிக்க ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் வருகிறார்கள். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவைச் சங்கம் தர வேண்டும். தமிழ் விளக்கம் பதிவு செய்ய ஒரு நல்ல மைக் வேண்டும். இவற்றை மூன்று தனித் தீர்மானங்களாகத் தலைவர் வாக்கெடுப்புக்கு விடுவார்.

ஓய்வு நேரத்தையெல்லாம் கொடுத்த உயிரியல் ஆசிரியருக்கும் தலைமை ஆசிரியைக்கும், சார்ஜ் போடுவது முதல் துடைத்து அடுக்குவதுவரை பார்த்துக்கொண்ட மாணவர் குழுவுக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்