மகளுக்கு, அந்த எட்டு நிமிடப் பாட்டு பற்றி

அன்புள்ள மகளுக்கு,

பினாங்கிலிருந்து அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் விஷயம் கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடிந்த பிறகு நிதானமாகப் படி.

உன் எட்டு நிமிடப் பாட்டை மூன்று நிமிடத்துக்குள் வெட்டித் தரச் சொல்லி, அதை வெளியிடப்போகிற அந்த இசை நிறுவனம் கேட்டிருக்கிறது என்று அம்மா சொன்னாள். ஆரம்பத்திலேயே குரல் வரவேண்டுமாம், தாளமும் அடியும் சேர்ந்து வெடித்து இறங்கும் ட்ராப்பை முன்னால் இழுக்கவேண்டுமாம். "எங்க ஒலியை எல்லாம் இப்படித்தான் எடுத்துக் கெடுத்துடுறாங்க" என்று அழுதாயாமே. உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எது கெடுகிறது, எது வெறுமனே மாறுகிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கோபப்படலாம்.

கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று ஸ்பீக்கர் பெட்டி தூக்கியே உங்களை வளர்த்தவன் நான். அதில் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. பாட்டு எந்த இடத்தில் ஒலிக்கிறதோ அந்த இடம்தான் அதற்கு உருவம் கொடுக்கிறது. இடம் மாறினால் பாட்டும் மாறியே தீரும்.

நீ இருக்கும் லண்டனையே எடுத்துக்கொள். டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசை தெற்கு லண்டனின் கிராய்டன் பக்கத்தில் பிறந்தது. பிக் ஆப்பிள் என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றி ஹாட்ச்சா, ஸ்க்ரீம், பெங்கா மாதிரி சின்னப் பையன்கள் கூடினார்கள். அவர்கள் செய்ததை பிளாஸ்டிக் பீப்பிள் என்ற கிளப்பின் சின்ன இருட்டறையில் போட்டுக் கேட்டார்கள். நிமிடத்துக்கு 140 துடிப்பு என்றாலும் தாளம் பாதி வேகத்தில்தான் நடக்கும். நடுவில் நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்புவது 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உருளும் அடிநாதம். அந்த ஒலியின் ஓர் அலையே கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளம். தாழ்வான கூரையும் சுவரும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நெஞ்சுக்கூட்டில் இறங்கும். புதுப் பாட்டும் உடனே கடையில் கிடைக்காது. டப்பிளேட் என்று ஒரே ஒரு தட்டு வெட்டுவார்கள், சில பத்து தடவை ஓட்டினால் தேய்ந்துவிடும். கேட்கவேண்டுமா, நேரில் போய்த்தான் ஆகவேண்டும்.

அப்புறம் என்ன ஆயிற்று? 2010-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஸ்க்ரில்லெக்ஸ் வந்தார். அவருடைய ஒலி முழுக்க நடு அலைவரிசையில் கிழிக்கிற, உறுமுகிற ஒலி. 2012-இல் மூன்று கிராமி விருது வாங்கினார். பழைய ஆட்களுக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும், கேலியாகப் பெயர்கூட வைத்தார்கள். எனக்கோ அவர் மேல் ஒரு குறையும் இல்லை. பட்டப்பகலில், திறந்த மைதானத்தில், ஆயிரக்கணக்கான பேர் முன்னால் போடுவதற்கான பாட்டு அது. மைதானத்தில் சுவர் கிடையாது. 50 ஹெர்ட்ஸைக் கடைசி வரிசைவரை கொண்டுபோக லோரி லோரியாகப் பெட்டி இறக்கவேண்டும். கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் மடிக்கணினியிலும் போனிலும் கேட்கிறார்கள், அந்த ஸ்பீக்கரில் அடிநாதம் வரவே வராது. எனவே அடியை மேலே தூக்கி, உரசலும் பிசிறும் சேர்த்து, காதில் படும்படி செய்தார்கள். அது திருட்டு இல்லை, அந்த இடத்துக்கு ஏற்ற வேலை. நானாக இருந்தாலும் அந்த மைதானத்துக்கு அதைத்தான் செய்திருப்பேன்.

இதே மாற்றத்தை இந்தத் தைப்பூசத்தில் கண்ணால் பார்த்தேன். இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு நம்முடைய பெட்டிகள்தான். நள்ளிரவு தாண்டி பிறை மாமாவின் உருமிக் குழு பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது. காவடி எடுத்த பையனுக்கு அருள் தளர்ந்துபோய்விட்டது. மாமா நம் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார், நிறுத்தினேன். ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி, மெதுவாக இழுத்துத் தேய்த்தார். ஊம்ம் என்று அது எழும்பியது. தார் ரோட்டில் நின்றவர்களுக்குக் காலில் ஏறியிருக்கும், எனக்கு ஏறியது. நாலைந்து இழுப்புதான், பையன் நிமிர்ந்துவிட்டான். பின்னாலேயே இளைஞர் குழு ஒன்று வந்தது. வேகம், துல்லியம், எல்லாம் அடி, தேய்ப்பு குறைவு. சுற்றி நின்ற எல்லார் கையிலும் போன். மறுநாள் இரண்டு வீடியோவும் எனக்கு வந்தன. பையன்களின் வாசிப்பு வீடியோவில் பளிச்சென்று இருக்கிறது. மாமா தேய்த்தது அதில் இல்லவே இல்லை, குச்சி நகர்வது மட்டும் தெரிகிறது. தங்களைக் கேட்பவர்கள் எதில் கேட்கிறார்கள் என்று அந்தப் பையன்களுக்குத் தெரியும், அதற்கேற்ப வாசிக்கிறார்கள். நல்ல கைகள். ஆனால் காவடியைத் தூக்கி நிறுத்தும் அந்த இழுப்பை யாராவது வாசித்துக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையா?

அந்த நிறுவனம் கேட்கிற மூன்று நிமிடமும் இப்படித்தான். உன் பாட்டின் முதல் ஒன்றரை நிமிடம் தாளம் மட்டும் போகிறதே, அது முந்தைய பாட்டிலிருந்து டிஜே உள்ளே கலக்க வைத்த வாசல். தனியாக இயர்போனில் கேட்பவனுக்கு அந்த வாசல் தேவையில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு, ஆகவே அதற்குள் அவனைப் பிடித்து உட்காரவைக்கவேண்டும். இதில் சதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. வெட்டிக் கொடு. நன்றாக, நீயே வெட்டு, வேறு யார் கையிலும் கொடுக்காதே. எட்டு நிமிடத்தையும் அதே தேதியில் வெளியிடவேண்டும் என்று எழுத்தில் கேள்.

பிரபலமாவதே கெடுதல் என்று மட்டும் சொல்லாதே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் மலேசியப் பிள்ளைகள் தமிழில் ராப் பாடியபோது தெருப்பையன்கள் வேலை என்றுதான் பெரியவர்கள் பலர் ஒதுக்கினார்கள். 2006-இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பம் போட்டார்கள். பிறகு சென்னைப் படங்களிலேயே யோகி பி குரல் கேட்டது. நம் வட்டாரத்துப் பையன்கள் அதற்கப்புறம் தலை நிமிர்ந்து மைக் பிடித்தார்கள். அது சின்ன விஷயமா?

எனக்கு வலிப்பது வேறு இடம். ஹவுஸ் என்ற நடன இசையின் கதையை நீதான் எனக்கு முதலில் சொன்னாய். சிகாகோவில் 1979-இல் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடித்தார்கள். அதே ஊரில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் அந்த இசையைக் கைவிடாமல் வேறொன்றாக வளர்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் வம்சாவளி ஓரினச் சேர்க்கையாளர்கள். வெளியே எங்கும் அடைக்கலம் இல்லாதவர்களுக்கு அந்த அறை வீடு. 1987 ஜனவரியில் ஸ்டீவ் ஹர்லியின் ஹவுஸ் பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கே போனது. பிறகு உலகமெங்கும் பரவியது. ஆனால் கோடி கோடியாகப் பணம் புரளும் விழா மேடைகளில் அந்த முதல் அறையின் முகங்களை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒலி மாறலாம். யாருடையது என்பது மறந்துபோவதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

மறக்காமல் இருக்கவும் வழி இருந்திருக்கிறது. பெர்லினில் 1991-இல் பழைய பல்பொருள் அங்காடியின் பெட்டக அறையில் திறந்த ட்ரெசோர் என்ற கிளப், டெக்னோ என்ற மின்னணு இசையை வளர்த்த அமெரிக்காவின் டெட்ராய்ட் ஆட்களையே அழைத்து வந்து வாசிக்கவைத்தது, அவர்கள் தட்டுகளை வெளியிட்டது. உங்கள் லண்டன் டப்ஸ்டெப் கலைஞர் மாலா, அந்த இசை உலகம் முழுக்கக் கத்தியபோதும் தன் அடிநாதத்தை விடவில்லை, தன் இசைத்தட்டு லேபிளில் அதையே தொடர்ந்தார். ஆகவே நீயும் உன் தோழிகளும் அடித்தள அறையில் மாதாமாதம் நடத்தும் அந்த இசை இரவை நிறுத்திவிடாதே. இந்தப் பாட்டு ஓடினால் பெரிய இடங்களிலிருந்து கூப்பிடுவார்கள், போ. அந்த அறையின் வாடகைக்கு முதல் பணத்தை எடுத்து வை. அடிநாதத்துக்கான நல்ல சப் ஸ்பீக்கர் பெட்டிக்கு அடுத்ததை எடுத்து வை. புதிதாகச் செய்கிற பிள்ளைகள் வந்து போட்டுப் பார்க்க ஓர் இடம் இருக்கவேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் தட்டில் கிரகரி கோல்மன் என்ற ட்ரம் கலைஞர் ஆறேழு வினாடி தனியாக வாசித்தார். ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ் என்று நீங்கள் கொண்டாடுகிற வேக நடன இசையில் பெரும் பகுதி அந்தச் சில வினாடியை வெட்டி ஒட்டிக் கட்டியது. ஆயிரக்கணக்கான பாட்டில் இருக்கிறது. அவருக்கு ஒரு காசு உரிமைத்தொகை வரவில்லை. 2006-இல் வீடில்லாதவராக அட்லாண்டாவில் இறந்துபோனார். 2015-இல் பிரிட்டனில் மனசாட்சியுள்ளவர்கள் 24,000 பவுண்டு திரட்டிக் குழுத் தலைவரிடம் கொடுத்தார்கள். கோல்மன் அதைப் பார்க்க இல்லை.

உன் பாட்டின் நான்காவது நிமிடத்தில் வருகிற உறுமல் பிறை மாமாவுடையது. போன தடவை வந்தபோது நம் ஸ்டோரில் மைக் வைத்துப் பதிவு செய்தாயே, அதேதான். ஒப்பந்தத்தை நீ அனுப்பியிருந்தாய், படித்தேன். அதில் உன் பெயர் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, மாமா பெயர் இல்லை. வாசித்தவர் என்று அவர் பெயரும், வருமானத்தில் அவருக்கு இத்தனை பங்கு என்பதும் எழுத்தில் வரவேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவர்கள் சொன்னால், அப்புறமே கையெழுத்துப் போடலாம் என்று சொல்லிவிடு.

மாமாவிடம் நீயே பேசு, நான் இடையில் நிற்கவில்லை. அவர் பணம் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார், விடாதே. முழுப்பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் வாங்கிக்கொள். தைப்பூச வேலை முடிந்து இப்போது மாலையில் வீட்டில்தான் இருக்கிறார். இங்கே இரவு எட்டு என்றால் உனக்கு மதியம் பன்னிரண்டு, அந்த நேரத்துக்குக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா
பினாங்கு