ஒரே டிரம் செட் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூயார்க்கின் பவரி தெருவில் 1973 முதல் 2006 வரை இயங்கிய சிபிஜிபி என்ற ராக் இசைக் கிளப்பில், சொந்தப் பாட்டு வாசிப்பவர்களுக்குத்தான் மேடை. தொடக்க நாட்களில் அங்கே வாசித்த ரமோன்ஸ் என்ற பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) குழு தன் நிகழ்ச்சியை 20 நிமிடத்துக்குள் முடித்துவிடும். அந்த பங்க் காலத்தைக் கொண்டாட ஒன்றுகூடுவோர் குழுவுக்கு 20 நிமிடம் என்ற இந்த அளவையே பிடித்துக்கொள்ளட்டும்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே டிரம் செட், ஒரே ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி); டிரம் செட்டில் ஸ்னேர் (சிறிய டிரம்), சிம்பல் (உலோகத் தட்டு), பெடல் (கால்மிதி) மட்டும் அவரவருடையது. குழு மாற 10 நிமிடம் போதும்.

மேடை ஒலியில் பெரும்பாலும் கெடுவது பாடகரின் குரல்தான். மைக்கின் வலைத்தலையைப் பாடகர் பொத்திப் பிடித்தால், அது நாலா பக்கச் சத்தத்தையும் இழுத்து 'கீ' என்று அலறும். கையைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். மானிட்டர் (பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அலறும்போது வால்யூமைக் கூட்டவே கூடாது.

இப்படிக்கு,
மேடை ஒலியமைப்பாளர் ஒருவர்