நீ படமெடுத்து அனுப்பிய செடி

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள மகனுக்கு,

உன்னோடு அறையில் தங்கியிருக்கும் நண்பருக்கு மஞ்சள் காமாலை என்று எழுதி, சிங்கப்பூரில் நடைபாதை ஓரம் முளைத்திருந்த செடியைப் படமெடுத்து அனுப்பி, இது கீழாநெல்லிதானா என்று கேட்டிருந்தாய். அதன் தண்டில் செம்மை படர்ந்திருக்கிறது. காய்கள் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது சிவப்புக் கீழாநெல்லி. உன் ஆயா காமாலைக்கு மருந்தாகப் பறித்த செடி அதுவன்று.

ஐப்பசி மழைக்குப் பின் நம் கிணற்றடியில் முளைக்குமே, அதன் தண்டு பச்சையாகவே இருக்கும். பார்வைக்குப் புளிய இலைபோல் தோன்றினாலும், ஒவ்வோர் இணுக்கும் ஒரு மெல்லிய கிளை, அதில் இருப்பவை தனித்தனி இலைகள். அதனால்தான் இலைகளுக்கு அடியில் காய்கள் வரிசையாகத் தொங்குகின்றன. காய் வழவழப்பாக, சிறு காம்போடு இருக்கும். உள்ளே மூன்று அறைகளில் ஆறு விதைகள். பொழுது சாய்ந்தால் இலைகள் மடிந்துகொள்ளும். கிள்ளும்போது பால் வடிந்தால் அது அம்மான் பச்சரிசி போன்ற வேறு இனம்.

ஆயா செடியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கரைத்து, காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார். எண்ணெயையும் உப்பையும் நிறுத்திவிடுவார். சொறி சிரங்குக்கு இலையை உப்புச் சேர்த்து அரைத்துப் பூசுவதும் உண்டு.

ஆயாவின் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தானாகவே சில வாரங்களில் தணியும் காமாலையும் உண்டு, அதற்கான பெயரையும் செடியே வாங்கிக்கொள்கிறது. 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த சென்னை ஆய்வில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தபோது, 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்தது; மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

உன் பெரிய மாமாவுக்குக் கண் மஞ்சளித்தபோது மூன்று வாரம் இந்தச் சாற்றையே கொடுத்துக்கொண்டிருந்தோம். புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்த பிறகுதான், பித்தநீர்க் குழாயைக் கல் அடைத்திருந்தது தெரிந்தது. கல்லை எந்த இலை கரைத்திருக்கும்? அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஆகவே அந்தச் செடியை அரைக்காதே. நாளைக் காலையிலேயே உன் அறை நண்பரை மருத்துவரிடம் அழைத்துப்போய் இரத்தப் பரிசோதனை செய்து, எந்தவகைக் காமாலை, இரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் எவ்வளவு என்று எனக்கு எழுது. அதுவரை கஞ்சி கொடு, சாராயம் வாடையே ஆகாது. தலைவலி, காய்ச்சல் என்று மாத்திரைகளைத் தானாக விழுங்க விடாதே. அவருடைய அம்மாவுக்குச் செய்தி சொல்லியாயிற்றா?

அன்புடன்,
அம்மா