நீல வீட்டின் துணி அலமாரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மெக்சிகோ நகரத்தில் ஓவியர் ஃப்ரீடா காலோ வாழ்ந்து, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் நீல வீட்டுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கியிருக்கிறாயே, அந்த டிக்கெட்டை முதலில் எடுத்துவிடு. நேரம் குறித்த டிக்கெட் அது, இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை.

அவருடைய பெயர்பெற்ற ஓவியங்கள் பலவும் வேறு ஊர்களில் இருக்கின்றன. நீ பார்க்க வேண்டியது துணிமணிக் கண்காட்சி. ஃப்ரீடா இறந்தது 1954இல். கணவர் டியேகோ ரிவேரா அவருடைய பொருள்களைப் பூட்டிவைக்கச் சொன்னார். 1957இல் அவரும் போய்விட்டார். பதினைந்து வருடம் என்பது அவர் சொன்ன கெடு. அதன்பின் வீட்டின் பொறுப்பிலிருந்த டோலோரெஸ் ஓல்மேடோ தாம் இருந்தவரை திறக்கவே விடவில்லை. 2004இல் திறந்தபோது சுமார் முந்நூறு உடைகள், நகைகள், முதுகெலும்பைத் தாங்க அவர் உடம்பில் அணிந்த மாவுக்கட்டுகள், பாதி தீர்ந்த ரெவ்லான் உதட்டுச்சாயம் எல்லாம் கிடைத்தன. 2012 முதல் அவற்றை அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 2018இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் போய்வந்தன.

உள்ளே நுழைந்ததும் இருட்டாக இருக்கிறதே என்று நகர்ந்துவிடாதே. துணிக்குப் பொதுவாக 50 லக்ஸ் என்ற மங்கலான அளவு வெளிச்சம்தான் அனுமதி. வெளிச்சம் தின்ற சாயம் திரும்பி வராது. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று சேதம் கூடிக்கொண்டேதான் போகும். ஐந்து நிமிடம் சும்மா நில், கண் பழகிவிடும்.

பிறகு ஊய்ப்பிலைப் பார். தெற்கு மெக்சிகோவின் தெகுவாந்தபெக் பகுதிப் பெண்களின் இடுப்பளவு மேல்சட்டை அது. நீள்சதுரத் துணியைத் தோளில் மடித்து, கழுத்துக்குத் திறப்பு விட்டு, கை நுழைய இடம் வைத்துப் பக்கங்களைத் தைத்தால் முடிந்தது. உடம்பைப் பிடிக்கத் தைக்கும் டார்ட் மடிப்பு இல்லை, பின்பக்கக் கொக்கி இல்லை. மாவுக்கட்டின் மேல் அப்படியே போட்டுக்கொள்ளலாம். இடுப்போடு நின்றுவிடுவதால் உட்காரும்போது மடியில் சுருண்டு குவியாது. சங்கிலித் தையல் வேலைப்பாடு மார்பிலும் தோளிலும்தான். பார்ப்பவர் கண் அங்கேயே நின்றுவிடும். கீழே தரை தொடும் பாவாடை. இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலது காலை அது மறைத்தது.

காட்சியில் எனக்குள்ள குறையும் இங்கேதான். இவை முக்கால்வாசி உட்கார்ந்திருக்கத் தோதான உடைகள். பொம்மைகளோ நிற்கின்றன. நின்றால் சட்டை வெறும் பெட்டிபோலத் தெரிகிறது. நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதாக மனதில் வைத்துப் பார், வெட்டின் கணக்கு பிடிபடும். அருங்காட்சியகத்தையும் குற்றம் சொல்ல முடியாது: பழைய துணியை உட்காரவைத்தால் மடிப்பு விழும் இடத்தில் இழை நைந்துபோகும். நிற்கும் பொம்மையிலும் வேலை அதிகம். உடையைவிடச் சிறிய உடலை எடுத்து, பாலியஸ்டர் பஞ்சை அடுக்கடுக்காகச் சுற்றி, பருத்தி உறை மாட்டித்தான் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய பொம்மையில் இழுத்து மாட்டினால் கைக்குழித் தையல் முதலில் விடும். பஞ்சு குறைந்தாலும் ஆபத்துதான், துணியின் பாரம் முழுவதும் தோள் மடிப்பில் இறங்கும்.

மாவுக்கட்டுகளையும் செயற்கைக் காலையும் விட்டுவிடாதே. 1953இல் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்தச் செயற்கைக் காலுக்குச் சிவப்புத் தோல் பூட்ஸ், அதில் சீனப் பூவேலைப் பட்டு, சின்ன மணி வேறு! குறையை மறைக்கவே இந்த அலங்காரமெல்லாம் என்று எழுதுகிறவர்கள் அந்த மணியைக் கவனித்தார்களா என்று தெரியவில்லை.

ரெபோசோ சால்வை கண்ணில் பட்டால் அருகில் போய்ப் பார். ஓரம் கலங்கினாற்போல் தெரியும் வடிவங்கள் அச்சடித்தவை அல்ல. பாவு நூலைக் கட்டிச் சாயமேற்றி அப்புறம் நெய்தவை. முந்தானைக் குஞ்சத்து முடிச்சு நமக்குத் தெரிந்ததைவிட நுணுக்கம்.

எனக்கு ஒரு காரியம் செய். பாவாடையின் அடியில் வெள்ளை பிரில் ஒன்று வரும், ஓலான் என்பார்கள். ஒரு சாண் அகலத்துக்கு எத்தனை கொசுவம் என்று எண்ணி எழுது. புகைப்படத்தில் எண்ண முடியவில்லை.

அன்புடன்,
சாரதா