மஞ்சள் தக்காளி கேட்டவனுக்கு

செர்ப்புகோவ், ரஷ்யா,
ஆகஸ்ட் 21

அன்பு முத்து,

இங்கே எல்லோரும் நலம். நத்தாஷாவுக்கு மட்டும் மழை பிடித்தால் முழங்கால் வலி. கௌசல்யா தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ராவுத்தர் மகன் கல்யாணப் படம் பார்த்தேன். இன்னும் அந்தக் கிளிப்பச்சைச் சட்டையா! நம் ஹாஸ்டல் வார்டன் இருந்திருந்தால் இந்த வயதிலும் உன்னை வாசலில் நிறுத்தியிருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சள் தக்காளி விதையைக் கவரில் போட்டு அனுப்பு என்று கேட்டாய். அனுப்ப மாட்டேன். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையைத் தபாலில் அனுப்பக் கூடாது. காரணமில்லாத சட்டம் இல்லை இது. தக்காளியின் சில வைரஸ்கள் விதையோடு சேர்ந்தே ஊர் விட்டு ஊர் போகிறவை. ஒட்டன்சத்திரம் சந்தையை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று உனக்கே தெரியும். அங்கே ஒரு புது நோய் என் கவரில் வந்து இறங்க வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

நான் படம் அனுப்பியது 'மெதோவி ஸ்பாஸ்' ரகம். ஆகஸ்ட் 14 அன்று புதுத் தேனைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆசி வாங்குவது இங்கே வழக்கம். அந்தத் திருநாளின் பெயர்தான் இதற்கும். சைபீரியாவில் உருவான ரகம். ஆள் உயரத்துக்கு மேல் போகும். குச்சி ஊன்றிக் கட்டாவிட்டால் காய்ப் பாரத்தில் சாய்ந்துவிடும். இந்த வருஷம் திருநாளுக்கு முன்பே பசுமைக்குடிலில் பழுத்துவிட்டது. அறுத்தால் உள்ளே பங்கனப்பள்ளி மாதிரி ஒரே சதை, விதை ஏதோ பேருக்கு. புளிப்பு முன்னால் வந்து நிற்காது. உப்பைத் தூவி நின்ற இடத்திலேயே தின்றுவிடுகிறோம். ரசத்துக்கு மட்டும் சரிப்படாது, புளி கூட விட வேண்டியிருக்கிறது.

சந்தையில் கிடைக்காதா என்று கேட்பாய். மாஸ்கோ சந்தையில் அஜர்பைஜானிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வரும் சிவப்புத் தக்காளி வருஷம் முழுக்கக் கிடைக்கும். லாரியில் நாள்கணக்கில் குலுங்கினாலும் கசங்காத தோல் அதற்கு. நம் மஞ்சள் குண்டு அந்தப் பயணத்தைத் தாங்காது. நட்டவன்தான் தின்ன முடியும். அதனால்தான் இதன்மேல் எனக்கு இத்தனை பிடிவாதம்.

போன சித்திரையில், உங்கள் ஊர்த் தக்காளி சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறது, அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டாயே? இல்லை. அது வெயிலின் வேலை. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் சிவப்பைத் தரும் லைக்கோபீன் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டும் தங்கும். இங்குள்ள மஞ்சள் ரகங்களுக்குப் பிறப்பிலேயே அந்த நிறம். எவ்வளவு குளுமையில் பழுத்தாலும் சிவக்காது.

இங்கே வேலை மார்ச் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். வெளியே பனி முழங்கால் வரை கிடக்கும், உள்ளே ஜன்னல் விளிம்பில் தயிர்க் கோப்பைகளில் விதை முளைத்துக்கொண்டிருக்கும். வெளிச்சம் போதாது என்று ஊதா விளக்கு போடுவார்கள். ராத்திரி தெருவில் நடந்தால் எந்தெந்த வீட்டில் நாற்று இருக்கிறது என்று ஜன்னலைப் பார்த்தே சொல்லலாம். மே மாதம் மின்ரயிலில் ஏறினால் மடியெல்லாம் நாற்றுப் பெட்டி. குடிலுக்குள் மே நடுவில் நடலாம். வெளியே நட ஜூன் வரை பொறுக்க வேண்டும். செரியோமுகா மரம் பூத்தால் குளிர் திரும்பும் என்று இங்கே குழந்தைகூடச் சொல்லும். பிறகு வாராவாரம் பக்கக் கொழுந்தைக் கிள்ள வேண்டும். ஜூலை கடைசியில் தலையையும் கிள்ளிவிட வேண்டும். அதற்குமேல் பூக்கிற பூ, குளிருக்குள் பழமாகாது.

'ஹுர்மா' என்று ஆரஞ்சு நிறத்தில் ஒன்றும், 'தே பராவோ' வகையில் மஞ்சளாக ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டாவது நீளக் காய், தோல் கெட்டி. நத்தாஷா முழுசாக ஊறுகாய் போடுகிறாள்.

அப்புறம், ஒரு சந்தோஷம். ஓகா ஆற்றைத் தாண்டினால் துவோர்யானினவோ என்ற இடம் வருகிறது. ஆந்திரேய் பொலோத்தொவ் (1738-1833) வாழ்ந்த பண்ணை அங்கேதான். தக்காளியைப் பலர் அழகுக்காக மட்டும் வளர்த்த காலத்தில், இது சாப்பாட்டுக்கானது என்று பரப்பியவர்களில் முக்கியமானவர் அவர். இந்தக் குளிரில், இன்றைய பாலிகார்பனேட் பசுமைக்குடில் எதுவும் இல்லாமல்! மண்வெட்டி பிடித்த எல்லோரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

இப்போது என் கவலையைக் கேள். பின்கருகல் நோய் வந்துவிட்டது. இங்கே 'ஃபித்தோஃப்தோரா' என்று அதன் கிருமியின் அறிவியல் பெயரைச் சொல்லியே பயப்படுகிறார்கள். ஆகஸ்டில் ராத்திரி குளிர்ந்து, ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி வந்து, இலை விடிய விடிய நனைந்தே கிடக்கும். அது போதும் அந்தக் கிருமிக்கு. முதலில் உருளைக்கிழங்கில் வரும், அங்கிருந்து தக்காளிக்குத் தாவும். பக்கத்து வீட்டு வால்யா பாட்டி வெளிப் பாத்தியில் வைத்திருந்தது அத்தனையும் நாலைந்து நாளில் கருகிப்போனது. எண்பதைத் தாண்டிய மனுஷி, ஒரு வார்த்தை பேசாமல் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நாங்களும் போய்ப் பிடுங்கிக் கொடுத்தோம். வேறென்ன செய்ய? மனசே ஆறவில்லை.

என் குடில் இதுவரை தப்பித்திருக்கிறது. கீழ் இலைகளையெல்லாம் ஒடித்துவிட்டேன். காலையில் மட்டும், வேரில் மட்டும் தண்ணீர். பகலெல்லாம் கதவு திறந்திருக்கும், உள்ளே ஈரம் தங்கக் கூடாது. காயின் பச்சை வெளிறத் தொடங்கினால் உடனே பறித்துப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறோம். பழுக்க வெயில் தேவையில்லை. செடியில் பழுத்ததன் ருசி அதில் வராதுதான், ஆனால் கருகலுக்குக் கொடுப்பதற்கு அது மேல்.

முத்து, இனி எழுதப்போவது விளையாட்டில்லை. நீ கொல்லையை விற்கப்போகிறாய் என்று மணி சொன்னான். கடை கட்ட யாரோ கேட்கிறார்களாம். இந்த நாட்டில் ஒரு குடும்பத்துக்குப் பொதுவாகக் கிடைத்த தோட்டம் ஆறு சோத்கா, அதாவது 600 சதுர மீட்டர். நம் கணக்கில் 15 சென்ட்கூட முழுசாக வராது. 1990களில் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் கிடந்தபோது, அந்த மண்ணில் விளைந்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தக்காளியும்தான் எத்தனையோ வீடுகளில் சாப்பாடு. நத்தாஷா வீட்டில் நானும் உட்கார்ந்து தின்றவன், அதனால் சொல்கிறேன். உனக்குப் பணமுடை என்றால் மறைக்காமல் சொல், நானும் மணியும் பார்த்துக்கொள்கிறோம். வேறு வழியே இல்லையென்றால், கிணற்றை ஒட்டி ரெண்டு சென்டையாவது நிறுத்திக்கொள்.

அந்த ரெண்டு சென்டில் மஞ்சள் தக்காளி வரும். அங்கேயே நல்ல கடையில் மஞ்சள் நாட்டு ரக விதை கேட்டு வாங்கு, வீரிய ஒட்டு வேண்டாம். ரகமாக இருந்தால்தான் அடுத்த வருஷம் உன் பழத்திலிருந்தே விதை எடுக்க முடியும். விதையை அதன் சாற்றிலேயே ரெண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி நிழலில் உலர்த்து. சித்திரை வெயிலில் நடாதே. 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் கார்த்திகையில் நட்டால் தை மாதக் குளிரில் காய் பிடிக்கும். உன் கத்தரிக்காயைக் கொஞ்சம் தள்ளி வை, அதற்கு வரும் வாடல் நோய் இதற்கும் வரும். அந்தக் கத்தரியை நீ பிள்ளையைவிடச் செல்லமாக வளர்க்கிறாய் என்று கௌசல்யா சொல்வது உண்மைதான்.

முன்பணம் எதுவும் வாங்குவதற்கு முன் எனக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, இங்கே அப்போது ஐந்தரை, தண்ணீர் வேலையெல்லாம் முடிந்திருக்கும். மணியையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அன்புடன்,
சேகர்