மங்குச் சாமானைக் கடைசி இரவுக்கு விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கானாடுகாத்தானில் இருந்த எங்கள் பழைய வீட்டைக் காலி செய்து, தை பிறந்ததும் காரைக்குடியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். பர்மா தேக்குப் பெட்டகம், பித்தளை அண்டா என்று பெரிய சாமான்களுக்காகவே ஒரு மாதம் கவலைப்பட்டோம். அவை கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. அப்பத்தா மாவடு போட்டு வைத்த மங்கு (பீங்கான்) ஜாடிகள் மூன்றும் உடைந்து போய்விட்டன. லாரிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் இரவு பதினொரு மணிக்குப் பழைய சேலையில் அவசரமாகச் சுற்றிக் கொடுத்தது நாங்கள்தான். வைக்கோல் திணித்து, ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் ஒரு வாரம் முன்பே கட்டியிருக்க வேண்டும்.

அப்புறம், சமையல் எரிவாயு இணைப்பு, ரேஷன் அட்டை முகவரி மாற்றத்தையும் தள்ளிப்போடாதீர்கள். ஆவணியில் வீடு மாறுகிறவர்கள் ஆடியிலேயே சாமான் கட்டத் தொடங்கலாம். அதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காரைக்குடி